காப்பீட்டு அட்டை எந்த ஊரில் செல்லும்? வெளியூர் வேலைக்குப் போகும் தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் வெளியூர் வேலைக்கு ஆள் போகாத ஊர் அரிது. மானாவாரி நிலம் அதிகம். அறுவடை முடிந்தால் ஊரில் கூலி வேலை குறைந்துவிடும். பெங்களூருவில் கட்டட வேலைக்கும், ஓசூரில் கம்பெனி வேலைக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும், கேரளாவுக்கும் ஆட்கள் பிரிந்து போகிறார்கள். ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று எல்லாம் ஊர் முகவரியில் இருக்கின்றன. காய்ச்சலோ விபத்தோ வருவதென்னவோ வேலை பார்க்கும் ஊரில். அதனால் மருத்துவக் காப்பீடு தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளும், அதாவது எத்தனை லட்சம் கிடைக்கும், பிரீமியம் எவ்வளவு என்பவை, இவர்களுக்கு இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டும். முதல் கேள்வி இதுதான்: நான் வேலை செய்யும் ஊரில், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஆஸ்பத்திரியில், இது செல்லுமா?

இந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் வரும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடைக்கக்கூடிய வேலை என்றால் அதை விடவே கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் எடுத்து வைத்திருக்க வேண்டும்; ஆனால் அது மாநில எல்லையைத் தாண்டிச் செல்லுமா என்பதை அவரவர் சரிபார்த்தாக வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தும் அடைக்காத ஓட்டைக்கு மட்டும் காசு கொடுத்துப் பாலிசி வாங்கலாம். சந்தையில் எத்தனை கம்பெனிகள் போட்டி போட்டாலும் இந்த வரிசை மாறாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது இது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கையில் பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். குடும்பம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, அரசு கட்டுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதார் இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். தனியார் பாலிசியில் வரும் "ஏற்கெனவே இருந்த நோய்க்கு மூன்று ஆண்டு பொறு" என்ற நிபந்தனை இதில் கிடையாது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும், தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சேலத்திலோ நாள் குறித்துச் செய்துகொள்ளக்கூடிய அறுவை சிகிச்சைக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

சிக்கல் ஓசூரைத் தாண்டினால் தொடங்குகிறது. இந்தத் திட்டத்துக்குள் இரண்டு வகைக் குடும்பங்கள் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் சேர்ந்த குடும்பங்கள் ஒரு வகை; மாநில அரசின் வருமான வரம்பை வைத்துச் சேர்க்கப்பட்ட குடும்பங்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் இந்தியாவில் எந்த மாநிலத்திலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைக்குப் போகும் உரிமை உடையவர்கள். இரண்டாம் வகையினருக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது. அவர்களுக்கு இது தமிழ்நாட்டுப் பட்டியலை நம்பிய அட்டை. தமிழ்நாட்டுக்குள் இருவருக்கும் ஒரே சலுகை என்பதால், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாமல் பெங்களூருவுக்குப் பஸ் ஏறுகிறார்கள். கர்நாடகத்தின் ஆரோக்கிய கர்நாடகா திட்டம் அந்த மாநில ரேஷன் அட்டையை வைத்துத் தகுதி பார்ப்பது. தமிழ்நாட்டு ரேஷன் அட்டை அங்கே உதவாது. ஆகவே கிளம்பும் முன் 14555 என்ற ஆயுஷ்மான் பாரத் எண்ணில் உங்கள் பெயர் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஆயுஷ்மான் அட்டையைத் தனியாக எடுத்து, வேலை செய்யும் பகுதியில் எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்ற எண்ணில், வெளிமாநிலத்தில் அவசரம் என்றால் என்ன வழி என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. தருமபுரியில் வந்து வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களும், ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதற்கு உரிய அதிகாரியின் சான்று இருந்தால், தமிழ்நாட்டுத் திட்டத்தில் சேரலாம். சாலை விபத்துக்கு அதுவும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. தொப்பூர் கணவாய் உள்ள மாவட்டத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் அடிபட்டால், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

இஎஸ்ஐ

பதிவான நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு, ஊர் விட்டு ஊர் போகும் பிரச்சினைக்கு நாட்டில் உள்ள பதில்களில் மிகப் பழையதும் மிக வலுவானதும் இதுவே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது; இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் இதற்குள் வருவார்கள். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 113 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி 488 ரூபாய் போடுவார். கட்டட வேலை நடக்கும் இடங்களில் உள்ள தொழிலாளர்களும் 2015 ஆகஸ்ட் முதல் இதற்குள் வந்துவிட்டார்கள் என்பது பெங்களூரு போகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

இஎஸ்ஐயை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்தக் காப்பீட்டு எண் ஆளோடு போவது. திருப்பூரில் வாங்கிய எண்ணே பெங்களூருவிலும் செல்லும். தொழிலாளி ஓர் ஊரிலும் குடும்பம் வேறோர் ஊரிலும் இருந்தால், குடும்பத்துக்குத் தனி மருந்தகம் குறித்துக்கொள்ளவும் இடம் உண்டு. இரண்டு, அது ஆஸ்பத்திரிச் செலவோடு நிற்பதில்லை. படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும், வேலையில் அடிபட்டால் 90 சதவீதமும் பணமாகத் தருகிறது. பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. கூலிக் குடும்பத்தை நோய் கவிழ்ப்பது ஆஸ்பத்திரி பில்லால் மட்டுமன்று, நின்றுபோன கூலியாலும்தான். அந்தக் கூலிக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

ஆனால் இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. நோய்க்காலப் பணம் பெற, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலோ அக்டோபர் முதல் மார்ச் வரையிலோ உள்ள ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா போயிருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் ஊர் திரும்பி, ஆறு மாதத்தில் இரண்டு மாதம் மட்டும் வெளியூரில் வேலை செய்பவர் இந்த 78 நாளைத் தவறவிடுவார். மேஸ்திரி மாறும்போதெல்லாம் புது எண் போட்டுப் பதிவு செய்தால் நாட்கள் சிதறிப்போகும். ஆகவே பழைய எண்ணையே கொடுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடித்தார்களா என்பதோடு நிறுத்தாமல், உங்கள் பெயரில் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இஎஸ்ஐ இணையதளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் பாலிசி

இஎஸ்ஐ வராத வேலை, அல்லது 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம், அல்லது எல்லை தாண்டாத மாநில அட்டை மட்டும் கையில் என்ற நிலையில் உள்ளவருக்குத்தான் காசு கொடுத்து வாங்கும் பாலிசி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பதால் முன்பிருந்த 18 சதவீத வரிச் சுமை போய்விட்டது. வெளியூர் வேலைக்காரர் விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது மண்டல விலை என்ற ஏற்பாட்டை. பல பாலிசிகளில் பெருநகரத்துக்கு ஒரு விலை, சிறு ஊர்களுக்குக் குறைந்த விலை. தருமபுரி முகவரியைக் கொடுத்துக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, பெங்களூருவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பில்லில் ஒரு பங்கை நோயாளியே கட்ட வேண்டும் என்ற ஷரத்து சில பாலிசிகளில் இருக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், பில்லில் பல ஆயிரமாகத் திரும்பி வரும்.

இதற்கு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ செய்து வைத்திருக்கும் மாற்று, 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் இதை விற்றே ஆக வேண்டும். ஷரத்துகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே. இந்தியா முழுவதற்கும் ஒரே விலை வைக்க வேண்டும், ஊர் பார்த்து விலை மாற்றக் கூடாது என்பது இதன் விதி. ஊர் மாறி வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது. குறைகளும் உண்டு: ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும், அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். இந்த வாடகை வரம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவரின் வரம்பு 4,000 ரூபாய். அவர் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், வாடகையில் பாதி வெட்டுப்படுவதோடு நிற்காது. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். ஆஸ்பத்திரி கவுன்டரில் "எந்த ரூம் வேண்டும்" என்று கேட்கும் அந்த ஒரு நொடியில் சொல்லும் பதில், பில்லின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. வரம்புக்குள் உள்ள அறையை மட்டும் கேளுங்கள்.

வங்கியில் 20 ரூபாய் பிடித்துக்கொண்டு தரும் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனாவை மருத்துவக் காப்பீடு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது விபத்தில் உயிரோ உறுப்போ போனால் 2 லட்சம் வரை தரும் ஏற்பாடு. ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு ரூபாயும் தராது. கேரளாவில் வேலை செய்பவர்கள், அந்த மாநிலம் 2017இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே தொடங்கிய "ஆவாஸ்" திட்டத்தில் சேரலாம். ஆனால் அதன் சிகிச்சைத் தொகை ஆயிரங்களில்தான், லட்சங்களில் இல்லை.

போட்டி எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

கம்பெனிகள் போட்டி போட்டால் விலை குறையும், சேவை கூடும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அது பலிக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும்: விற்கும் பொருள் ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் நட்டமில்லாமல் கம்பெனி மாற முடிய வேண்டும், நோயாளி என்பதற்காக விற்க மறுக்கக் கூடாது. நெதர்லாந்து 2006இல் மூன்றையும் சட்டமாக்கியது. மூன்றாவதற்கு அது வைத்த விதிகள் இவை: அடிப்படைக் காப்பீட்டை எந்த நிறுவனமும் யாருக்கும் மறுக்க முடியாது, நோயைப் பார்த்து விலை ஏற்றவும் முடியாது, நோயாளிகள் அதிகம் சேரும் நிறுவனத்துக்கு ஒரு பொது நிதியிலிருந்து ஈடு கிடைக்கும். இந்தியாவில் முதல் இரண்டும் ஓரளவு வந்துவிட்டன. ஆரோக்கிய சஞ்சீவனியால் ஒப்பிட முடிகிறது. 2011 அக்டோபர் முதல், காத்திருந்த காலத்தை இழக்காமல் வேறு கம்பெனிக்கு மாறும் உரிமையும் உண்டு. புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டினால், மோசடியை நிரூபித்தாலன்றி, விவரத்தைச் சொல்லவில்லை என்று காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதிலும், டிஸ்சார்ஜ் நாளில் மூன்று மணி நேரத்தில் ஒப்புதலும் தர வேண்டும். மூன்றாவது நிபந்தனை மட்டும் இங்கே இல்லை. உடல்நிலையைப் பார்த்து விண்ணப்பத்தை நிராகரிக்கவோ விலையை ஏற்றவோ கம்பெனிக்கு இடமிருக்கிறது. ஆகவே தனியார் பாலிசி வாங்குவதாக இருந்தால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வருவதற்கு முன்பே வாங்க வேண்டும். வந்துவிட்டவர் அதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

ஏழைகளுக்கான அரசுத் திட்டங்களில் போட்டி வேறு இடத்தில் நடக்கிறது. அட்டைதாரர் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசு டெண்டர் விட்டு ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறது. 2009இல் தமிழ்நாட்டில் ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். 2012 முதல் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா. அந்த டெண்டர் நாளில் போட்டி பொய்யானால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கேரளாவில், ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசுத் திட்டமான ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவின் டெண்டர்களில், நேஷனல், நியூ இந்தியா, ஓரியன்டல், யுனைடெட் இந்தியா ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை கேட்டதாக இந்தியப் போட்டி ஆணையம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்து 671 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தைச் சுமார் 2 கோடியாகக் குறைத்தது. ஆனால் கூட்டுச் சதி நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. அந்தத் திட்டம் 2008இல் வந்தபோது, வெளியூர் போகும் தொழிலாளிக்கும் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் அட்டையைப் பிரித்துக் கொடுக்க வழி வைத்திருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். டெண்டரில் ஏறிய விலையைக் கட்டுவது பொதுப்பணம். அதே பணத்தில் இன்னும் பல குடும்பங்களைச் சேர்த்திருக்கலாம். பொதுத்துறை என்பதாலேயே போட்டி விதி தேவையில்லை என்றாகிவிடாது. தனியார் என்பதாலேயே போட்டி நடக்கிறது என்றும் ஆகிவிடாது.

சொல்லப்படும் மறுப்புகள்

இஎஸ்ஐ மருந்தகத்தில் கூட்டம், மருந்து இல்லை, அரை நாள் கூலி போகும் என்பது பொதுவான குறை, உண்மையும்கூட. ஆனால் தலைவலிக்கு நிற்கும் வரிசையை வைத்துப் பெரிய நோய்க்கான பாதுகாப்பை எடைபோடக் கூடாது. இஎஸ்ஐயில் இல்லாத உயர் சிகிச்சைக்கு ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மாதம் நூற்றுச் சொச்சத்துக்குக் குடும்பத்துக்கே சிகிச்சையும் படுத்த நாளுக்குச் சம்பளமும் தரும் பாலிசி சந்தையில் எங்கும் இல்லை. "பிடித்தம் வேண்டாம், முழுக் காசையும் கையில் வாங்கிக்கொள்" என்று மேஸ்திரி சொல்வது இன்னொரு தடை. 15,000 ரூபாய் சம்பளத்தில் அந்தப் பேரத்தால் தொழிலாளிக்கு மிஞ்சுவது 113 ரூபாய், எதிர்த்தரப்புக்கு மிஞ்சுவது 488 ரூபாய் என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாருக்கு லாபம் என்பது தெரியும். கான்ட்ராக்டர் கட்டவில்லையென்றால் முதன்மை முதலாளி கட்ட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

"எதுவானாலும் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், முதலமைச்சர் அட்டை போதும்" என்பது மூன்றாவது வாதம். கர்ப்பப்பைக் கட்டிக்கும் மூட்டு மாற்றுக்கும் இது சரி. நெஞ்சுவலிக்கும், சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் சரியில்லை. பெங்களூருவிலிருந்து தருமபுரி சுமார் 130 கிலோமீட்டர். அந்த நோய்கள் அவ்வளவு நேரம் தருவதில்லை. நான்காவது வாதம், கூலிக்காரர் எப்படிப் பிரீமியம் கட்டுவார் என்பது. கட்ட முடியாதவர் கட்ட வேண்டாம் என்பதே நேர்மையான பதில். கடன் வாங்கிப் பாலிசி எடுப்பதைவிட, கிடைக்க வேண்டிய இலவச அட்டையையும் இஎஸ்ஐயையும் கேட்டு வாங்குவதே முதல் வேலை.

யாருக்கு எது?

ஓசூரிலோ திருப்பூரிலோ பதிவான கம்பெனியில் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு இஎஸ்ஐயும், ஊரில் உள்ள பெற்றோருக்கு முதலமைச்சர் அட்டையும் போதும். தனியார் பாலிசி அவசியமில்லை. பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிறவர், இஎஸ்ஐயில் சேர்த்துவிடும் வேலையிடத்தைத் தேடிப் போக வேண்டும். அது அமையாவிட்டால் ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 90 நாள் வேலை செய்தபின் கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இஎஸ்ஐ, ஆயுஷ்மான் ஆகிய இரண்டு வழியும் அடைபட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பிரீமியம் ஒதுக்கவும் முடிகிறவருக்கு ஆரோக்கிய சஞ்சீவனி. ஐடி, அலுவலக வேலைக்குப் போய் 21,000 ரூபாய் தாண்டியவர், கம்பெனி தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பக் கூடாது. வேலையை விட்ட அன்றே அது போய்விடும், சொந்தப் பாலிசி ஒன்று வேண்டும். தனியார் கிளெய்ம் மறுக்கப்பட்டால், கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் பெங்களூருவிலும் அலுவலகம் இருக்கிறது; கட்டணம் கிடையாது; வக்கீலும் வேண்டாம்.

தனி மனிதர் இவ்வளவு கவனமாக இருந்தாலும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று மிஞ்சுகிறது. மாநில வருமான வரம்பால் மட்டும் அட்டை பெற்ற குடும்பம், எல்லை தாண்டினால் வெறுங்கையோடு நிற்கிறது. அதைத் தனியார் போட்டியால் சரிசெய்ய முடியாது. அந்தக் குடும்பத்துக்கு வாங்கும் சக்தி இல்லை. சரிசெய்யக்கூடியது அரசின் டெண்டர் ஆவணம். 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கானது. அடுத்த டெண்டரில், பெங்களூரு, எர்ணாகுளம் போன்ற ஊர்களில் குறைந்தபட்சம் அவசரச் சிகிச்சைக்காவது மருத்துவமனைகளைப் பட்டியலில் சேர்ப்பதை நிபந்தனையாக்க வேண்டும்; விலை கேட்பவர்கள் அந்த நிபந்தனையோடு போட்டி போடட்டும். இதைக் கேட்கும் கடமையும் உரிமையும் வேறெந்த மாவட்டத்தைவிடவும் தருமபுரியின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் அதிகம்.